முட்டுக்கட்டை போடுகிறவனும் தேர் இழுக்கிறவன்தான்

நீளமான பதிவு. ரிட்டயர்டு வாத்தியாருக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்கு அப்படி இல்லை என்று தெரியும். ஆனாலும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் வேலை வாங்குகிறவர்களும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் பழைய மாணவர்கள் கூடினார்கள். முப்பத்துமூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பல செட் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தம்பி பேசினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். தலைவராக இருக்கிறான். நல்ல பையன், என்னிடம் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவன். ஸ்கிரீனில் படம் போட்டுப் பேசினான். அவன் சொன்னதன் சாரம் இதுதான்:

"மாற்றத்தை யாரும் வெறுக்கிறதில்லை. இலக்கு தெரியாததாலதான் எதிர்க்கிறாங்க. ஒரு பொது இலக்கைக் கொடுங்க, தானா ஓடி வருவாங்க. ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி. எப்பவும் பத்துப் பேர் முட்டுக்கட்டை போடுவாங்க. அவங்களை அடையாளம் கண்டு ஓரங்கட்டிட்டா தேர் ஓடிடும்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் தட்டவில்லை. அவர் என் ஆரம்ப கால மாணவர். இங்கேயே ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "எங்ககிட்ட இலக்கு இல்லைன்னு யார் சார் சொன்னது? எங்களைக் கேட்டாத்தானே தெரியும்."

அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. மண்டபத்தில் மைக்கை நீட்டியபோது வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என் கட்சி இதுதான். வேலை செய்கிற மனிதனிடம் பொது இலக்கு இல்லை என்பது பெரும்பாலும் பொய். இருக்கிற இலக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மேலே முடிவான ஒன்றைக் கீழே இறக்கி அதற்குப் 'பொது' என்று பெயர் வைக்கிறோம். அப்புறம் அவன் கை கொடுக்கவில்லை என்று குறை சொல்கிறோம்.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம் ஊரே போதும்.

ஆவடி என்றால் என்ன? 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. எச்.வி.எஃப். என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். பக்கத்தில் அந்த டாங்கிகளுக்கான எஞ்சின் தொழிற்சாலை. கொஞ்சம் தள்ளி ராணுவ உடைத் தொழிற்சாலை, நம் வாயில் ஓ.சி.எஃப். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ இந்த மூன்றில் ஒன்றில் வேலை பார்த்தவர்கள். குடியரசு தினத்தில் டி.வி.யில் டாங்கி வரிசை போகும்போது "எங்கப்பா செஞ்சது சார்" என்று மறுநாள் வகுப்பில் சொல்லாத பையன் கிடையாது. எந்த ஆலோசகரும் சொல்லிக்கொடுத்து வந்த பெருமை அல்ல அது.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. ஆவடி ஸ்டேஷனில் காக்காய்கூட இல்லை. ஆஸ்பத்திரிகளில் டாக்டர், நர்ஸ் உடம்பை மூடுகிற கவர்ஆல் உடை இல்லை. அப்போது நாடு முழுதும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகள் அந்த வேலையில் இறங்கின. ராணுவச் சீருடை தைத்துப் பழகிய ஓ.சி.எஃப். கைகள் மருத்துவக் கவர்ஆல் தைத்தன. அது துணி மாறியது மட்டுமல்ல. தையல் ஓட்டை வழியாக ரத்தம் கசியக் கூடாது, அதனால் தைத்த இடத்தின் மேல் டேப் ஒட்ட வேண்டும். புதுப் பொருள், புதுச் சோதனை, புது முறை. கசிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு முதலில் கோயம்புத்தூர் சிட்ராவைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தச் சோதனைக் கருவியைத் தயாரித்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? டாங்கி செய்கிற நம் எச்.வி.எஃப்.

மேலாண்மை வகுப்பில் இதற்குப் பெயர் பணியிட மாற்றம். சில வாரங்களில் நடந்தது. யாரும் மேடை போட்டு ஊக்கப்படுத்தவில்லை. இலக்கு கண் முன்னால் இருந்தது: ஒரு நர்ஸ் சாகக் கூடாது. அதை ஒரு தையல்காரர் வீட்டில் ஒரே வரியில் சொல்ல முடிந்தது. அவர் தைத்த உடுப்பு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சூட்டிலேயே அடுத்தது வந்தது. 2020 மே 16. டி.வி.யில் நிதியமைச்சர் தற்சார்பு இந்தியா அறிவிப்புகளை வரிசையாகப் படிக்கிறார். அதில் ஒன்று, படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கார்ப்பரேஷனாக மாற்றப்படும் என்பது. கவர்ஆல் தைத்துவிட்டு வீட்டுக்கு வந்து டி.வி. போட்டவர், தன் தொழிற்சாலை அரசுத் துறையாக இனி இருக்காது என்பதைச் செய்தியில்தான் பார்த்தார்.

இது திடீரென்று முளைத்த யோசனை இல்லை என்பது எனக்குத் தெரியும். 2000இல் நாயர் குழு, அதன் பிறகு கேல்கர் குழு, ராமன் பூரி குழு, ஷேகட்கர் குழு என்று பலரும் அமைப்பை மாற்றச் சொன்னவர்கள்தான். 2019 ஆகஸ்டில் இதை எதிர்த்து நாடு முழுதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. பேச்சுவார்த்தை என்றதும் ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. பேசலாம் என்று சொல்லி வேலைக்கு அனுப்பியவர்களுக்கு மறு வருஷம் மே மாதம் கிடைத்தது டி.வி. அறிவிப்பு. செப்டம்பரில் மாற்றத்தை எப்படி நடத்துவது என்று யோசனை சொல்ல ஒரு ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 ஜூன் 16இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சம்மேளனங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30இல் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில், கூச்சலுக்கு நடுவே, அது சட்டமாகவே நிறைவேறியது. தடை செய்யப்பட்ட வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ஒரு வருஷம் வரை சிறை. தூண்டிவிட்டால் இரண்டு வருஷம் வரை.

என் எச்.ஆர். தம்பியிடம் ஒரு கேள்வி. இலக்கு பொதுவானது என்றால் அதற்குப் பக்கத்தில் ஜெயில் எதற்கு? தேர்வடத்தைப் பிடிக்க வருகிறவனுக்கு விலங்கு காட்டுவார்களா?

2021 அக்டோபர் 1. 41 தொழிற்சாலைகளும் 70,000க்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஏழு புது கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். நம் எச்.வி.எஃப்.பும் எஞ்சின் தொழிற்சாலையும், ஜபல்பூர், மேடக், அம்பர்நாத் தொழிற்சாலைகளோடு சேர்ந்து, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் ஆனது. ஓ.சி.எஃப். கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் கம்பெனிக்குப் போனது. ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் வேறு வேறு கம்பெனிக்காரர்கள் ஆனார்கள். அக்டோபர் 15, விஜயதசமி அன்று பிரதமர் ஏழு கம்பெனிகளையும் நாட்டுக்கு அர்ப்பணித்தார். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. எந்த மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தார்களோ, அந்த மெஷின் யாருடையது என்பது மாறிவிட்டிருந்தது. பூஜை போட்டவரிடம் எழுபது வருஷ வழக்கப்படி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊழியர்கள் நிலைமை என்ன? 'டீம்டு டெபுடேஷன்' என்று ஒரு சொல். கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், நீ இன்னும் மத்திய அரசு ஊழியன்தான், கம்பெனிக்கு அனுப்பி வைக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம் என்று அர்த்தம். முதலில் இரண்டு வருஷம் என்றார்கள். பிறகு நீட்டிப்பு. பிறகும் நீட்டிப்பு. 'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்று ஆரம்பிக்கிற கணக்கில், கடைசி வரிக்குள் எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்தாக வேண்டும். இந்தக் கணக்கில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பென்ஷன், ஊதியக் குழு, பதவி உயர்வு, செத்தால் பிள்ளைக்குக் கருணை வேலை என்று ஒரு குடும்பத்தின் கால் ஊன்றிய இடமெல்லாம் அந்த எக்ஸில் தொங்குகிறது. அப்படித் தொங்குகிறவனைக் கூப்பிட்டு "வா, ஒரே இலக்கு" என்றால் அவன் காதில் என்ன விழும்?

இப்போது எதிர்த் தரப்புக்கு வருகிறேன். ஒரு பக்கக் கணக்குப் போட எனக்குப் பழக்கமில்லை.

படைக்கலத் தொழிற்சாலைகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விலை அதிகம், தாமதம், தரம் போதவில்லை என்று ராணுவமே குறை சொன்னது. கணக்குத் தணிக்கை அறிக்கைகளும் சொல்லின. அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது, படைக்கு வந்து சேர்ந்தது 2004இல். முப்பது வருஷம். அதில் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு, மாறிக்கொண்டே போன ராணுவத் தேவைக்கும் பங்கு உண்டு. தொழிலாளி தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் எதையும் மாற்றத் தேவையில்லை என்று யாராலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது.

தொழிற்சங்கங்களும் இதில் பதில் சொல்ல வேண்டியவைதான். நான் காதால் கேட்ட கேட் மீட்டிங்குகளில் போனஸும் ஓவர்டைமும் பேசப்பட்ட அளவுக்கு, "நாம் அனுப்பின பொருள் ஏன் திரும்பி வந்தது" என்பது பேசப்படவில்லை. தரம் என்பதைத் தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாத சங்கம், மாற்றம் வேண்டும் என்கிறவன் கையில் தானே கம்பைக் கொடுக்கிறது.

கூட்டங்களே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். பல சுற்று நடந்தன. ஆனால் மேசையில் வைக்கப்பட்ட கேள்வி 'எப்படி மாற்றலாம்' என்பது. 'மாற்றலாமா, வேறு வழி இருக்கிறதா' என்பது மேசைக்கு வரும் முன்பே முடிந்துபோனது. கல்யாணத் தேதி குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, பெண்ணிடம் புடவை கலர் மட்டும் கேட்பது போல.

"கம்பெனி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்பீர்கள். உண்மை. 2025 மே மாதம் ஆவடி கம்பெனிக்கு மினிரத்னா தகுதி கிடைத்தது. ஆவடிக்காரனாக எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு தேதியைப் பாருங்கள். 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆர்டர் எச்.வி.எஃப்.புக்கு வந்தது 2021 செப்டம்பர் 23இல். அதாவது போர்டு மாறுவதற்கு எட்டு நாள் முன்னால், அது அரசுத் துறையாக இருந்தபோதே. செய்யப் போகிற கைகள் அதே கைகள். கம்பெனி ஆனதால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதல்ல என் வாதம். அந்தக் கைகளைக் கூட வைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கலாம் என்பதுதான்.

"அப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்டால், ஆவடியில் லோக்கல் ட்ரெயின் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்குங்கள். ஐ.சி.எஃப்.

1955இல் சுவிஸ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அறுபது வருஷத்துக்கு மேல் அந்த நீலப் பெட்டிகளைச் செய்துவந்தார்கள். 2018 ஜனவரியில் அந்தப் பழைய ரகத்தின் கடைசிப் பெட்டி வெளியே போனது. இனி முழுக்க எல்.எச்.பி. ரகம். வெல்டிங்கிலிருந்து வேலையே வேறு. அதே காலத்தில்தான் அங்கே பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணி, தனி எஞ்சின் இல்லாத பதினாறு பெட்டி ரயில் ஒன்றை நாமே செய்வோம் என்று கிளம்பினார். 'ட்ரெயின் 18' என்று பெயர் வைத்தார்கள். ஏனென்றால் 2018க்குள் முடிக்க வேண்டும். சுமார் பதினெட்டு மாதத்தில், கிட்டத்தட்ட 100 கோடி ரூபாயில் முடித்தார்கள். 2018 அக்டோபர் 29இல் வெளியே வந்தது. 2019 பிப்ரவரி 15இல் டெல்லி - வாரணாசி வந்தே பாரத் ஆக ஓடியது.

அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஐ.சி.எஃப். போகிற ஊழியர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் கடுமையான மாற்றம்தான். புது வடிவம், புது பாகம், தலைக்கு மேல் கெடு. ஏன் எதிர்க்கவில்லை? இலக்குக்கு ஓர் உருவம் இருந்தது. சக்கரமும் கதவும் ஜன்னலும் உள்ள உருவம். வெல்டர் பையன் தன் கையைக் காட்டி "இந்த ஜாயின்ட் நான் போட்டது" என்று சொல்லலாம். வேலை முடிந்த பிறகும் அவன் அதே ஐ.சி.எஃப். ஊழியன்தான். இழப்பு அவன் தலையில் விழவில்லை, பெருமையில் பங்கு கிடைத்தது.

கதை இதோடு முடியவில்லை. அதே 2019இல், வந்தே பாரத் ஓடத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, ரயில்வேயின் நூறு நாள் திட்டத்தில் ஐ.சி.எஃப். போன்ற உற்பத்தித் தொழிற்சாலைகளைத் தனி கம்பெனி ஆக்கும் யோசனை வந்தது. அதே ஊழியர்கள் கேட்டுக்கு வெளியே வந்து கோஷம் போட்டார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினெட்டு மாதத்தில் தன் வேலை முறையையே மாற்றிக்கொண்ட மனிதனை 'மாற்றத்தை எதிர்க்கிறவன்' என்று சொல்ல முடியுமா? அவன் எதிர்த்தது வேறு. தன்னைக் கேட்காமல் தன் நிலையை மாற்றுவதை. முன்னதில் அவன் கை தேவைப்பட்டது, கூப்பிட்டார்கள். பின்னதில் அவன் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை.

இப்போது என் சொந்தக் கதை. மற்றவர்களைக் குற்றம் சொல்லிவிட்டு என்னுடையதை மறைத்தால் வாத்தியார் உத்தியோகத்துக்கே அவமானம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வருஷம் திடீரென்று ஒரு பொது இலக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னார்கள், "இது நம்ம எல்லாருடைய இலக்கு." எல்லாரும் தலையாட்டினோம். நல்ல இலக்குதானே, எந்த வாத்தியார் பிள்ளை ஃபெயில் ஆகட்டும் என்பான்? சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எல்லாம் வைத்தோம். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் நாலு பையன்கள் தேறுவது கஷ்டம் என்று தெரிந்துபோனது. நாலு பேரும் தவறியது என் பாடத்தில்.

என்ன செய்தோம் தெரியுமா? அந்த நாலு பேரின் அப்பாக்களைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிட்டுப் போங்க, பையன் பிரைவேட்டா எழுதட்டும், அதுதான் அவனுக்கு நல்லது" என்றோம். 'செய்தார்கள்' என்று எழுத ஆசை. ஆனால் பேசியது நான். ஒரு அப்பா கைலியில் வந்திருந்தார், நைட் ஷிஃப்ட் முடித்து நேராக. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறு வருஷம் நூறு சதவீதம். பேப்பரில் போட்டோ, லட்டு, சால்வை. அந்தப் போட்டோவில் நான் இருக்கிறேன். அந்த நாலு பேர் இல்லை.

அன்று அந்த ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒருவர் எழுந்து, "இந்த இலக்கு யாருக்காக? இதற்கான விலை யார் தலையில்?" என்று கேட்டிருந்தால், அவரைத்தான் முட்டுக்கட்டை என்றிருப்போம். அந்த முட்டுக்கட்டை ஒன்று இருந்திருந்தால் நாலு பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் இப்போது எஸ்டேட் ரோடு பக்கம் டூவீலர் மெக்கானிக். என்னைப் பார்த்தால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். "நல்லா இருக்கீங்களா சார்" என்கிறான். நான் இன்னும் அவன் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை.

இதனால்தான் அந்த மண்டபத்துப் பேச்சு என்னைக் குத்தியது. பொது இலக்கு என்ற சொல்லை வைத்து நல்ல மனிதர்களைக் கொண்டே தப்பான வேலையைச் செய்ய வைக்கலாம். நானே சாட்சி.

இனி தேருக்கு வருகிறேன். தம்பி அழகான உவமை சொன்னான், ஆனால் பாதிதான் சொன்னான். அவன் தேரை டி.வி.யில் பார்த்த தலைமுறை. நான் தேரோடும் ஊரில் பிறந்தவன்.

தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், எங்கே திரும்பும், எங்கே நிலைக்கு வந்து சேரும் என்பது வடம் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். பாதி வழியில் பாதையை மாற்றமாட்டார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு, இழுத்தவனை "நீ இந்த ஊர்க்காரனா இல்லையா, அடுத்த வருஷம் சொல்கிறேன்" என்று தெருவில் நிறுத்தமாட்டார்கள்.

அடுத்தது முட்டுக்கட்டை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தேரிலிருந்துதான். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சில பேர் கையில் கட்டையோடு ஓடுவார்கள். வேகம் கூடும்போது, திருப்பம் வரும்போது, சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சரியாகச் செருகுவார்கள். தேர் நிற்பதும் திரும்புவதும் அவர்கள் கையில். கால் நசுங்கும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். வடம் பிடிக்கிறவன் ஆயிரம் பேரில் ஒருவன், சோர்ந்தால் விலகிக்கொள்ளலாம். கட்டை போடுகிறவன் விலக முடியாது. அவனை ஓரங்கட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். தேர் ஓடும், அதில் சந்தேகமில்லை. யார் வீட்டுத் திண்ணையில் போய் ஏறும் என்பதுதான் தெரியாது.

ஊரைக் காப்பாற்றுகிற வேலையின் பெயரை எடுத்து வசவாக மாற்றியது நம் பேச்சு வழக்கு. எச்.ஆர். மீட்டிங்குகளும் அதையே தொடர வேண்டுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு மாற்றம்தான். லேத் இருந்த இடத்தில் சி.என்.சி. வந்தது, இப்போது சி.என்.சி.க்குப் பக்கத்தில் ரோபோ கை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாறிப்போகிற கம்பெனிகள். பர்மனென்ட் ஆள் போன இடத்தில் கான்ட்ராக்ட் ஆள். நாளைக்கே நம் தம்பி தன் கம்பெனியில் ஒரு ஸ்லைடு போடுவான், 'ஒரே அணி, ஒரே இலக்கு' என்று. போடட்டும். போடுவதற்கு முன்னால் இந்த வாத்தியார் கொடுக்கிற வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டுப் போடட்டும்.

தம்பி, உன் ஆபரேட்டர் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்த மாற்றம் எதற்கு என்று அவர் தன் மனைவியிடம் ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்று கேள். 'போட்டித்திறன்', 'மதிப்புக் கூட்டல்' என்று அவர் சொன்னால் அது உன் வரி, அவர் வரி இல்லை. 'நர்ஸ் சாகக் கூடாது', 'இந்த ரயிலை இந்த வருஷம் ஓட்டணும்' மாதிரி ஒரு வரி கிடைக்கிற வரை ஸ்லைடு போடாதே.

அடுத்து, இதில் யாருக்கு என்ன போகும் என்பதை நீயே முதலில் எழுது. எத்தனை பேர், எந்த ஷிஃப்ட், எவ்வளவு ஓவர்டைம் குறையும், வேலை போகிறவனுக்கு என்ன ஏற்பாடு. எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டு. பலன் பொது, இழப்பு தனி என்றால் அந்த இலக்குக்குப் பெயர் பொது இலக்கு இல்லை. இழப்பை எழுத உன் கை நடுங்கினால், அந்த நடுக்கம்தான் உன் தொழிலாளி தினமும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது என்று புரிந்துகொள்.

கடைசியாக, 'வேண்டாம்' என்று சொல்கிற அந்தப் பத்துப் பேரைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வை. அவர்கள் சொல்வதில் எட்டு வேலைக்கு ஆகாததாக இருக்கலாம். மிச்சம் இரண்டு, உன் ஆலோசகர் லட்சம் வாங்கியும் சொல்லாததாக இருக்கும். ஏனென்றால் மெஷின் பக்கத்தில் நிற்பது அவர்கள். அந்த இரண்டில் ஒன்றையாவது ஏற்றுத் திட்டத்தை மாற்று. மாற்றியதை எல்லார் முன்னாலும் சொல். அன்றைக்குத்தான் உன் இலக்கு 'நம்ம இலக்கு' ஆகும்.

நீ தொண்ணூற்றெட்டு வாங்கிய பேப்பர் எனக்கு நினைவிருக்கிறது. அந்த இரண்டு மார்க் எங்கே போனது தெரியுமா? விடை சரி, வழிமுறை எழுதவில்லை. அப்போதும் வந்து சண்டை போட்டாய், "ஆன்சர் கரெக்ட்தானே சார்" என்று. இப்போதும் அதையேதான் சொல்கிறேன். விடை சரியாகவே இருந்தாலும் வழியைக் காட்டாவிட்டால் மார்க் கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டாத அந்த ஃபிட்டர் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ரிட்டயர் ஆகிற நாள் வரை உன் கேள்வியை விடாதே. அதோடு, உன் கையிலிருந்து போகிற பொருளில் ஒரு நூல் அளவு பிசகையும் விடாதே. முதலாவதைக் கேட்கிற உரிமை இரண்டாவதிலிருந்துதான் வருகிறது.

எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப்., எஞ்சின் ஃபேக்டரி, ஐ.சி.எஃப். நண்பர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தேதியிலோ விவரத்திலோ பிசகு இருந்தால் கமென்ட்டில் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் சந்தோஷம், அதைத்தான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், என் மாணவர்களைத் திட்டாதீர்கள்.

நாளைக்குக் காலையில் எஸ்டேட் ரோடு பக்கம் போகிறேன். என் ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை. இந்த முறை அவன் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.